ஏஐ வீடியோ கருவிக்குப் பணம் கட்டும் முன் எதை வைத்துச் சோதிப்பது?

கேள்வி கேட்டவர் வேலூரில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ நடத்துகிறார். கல்யாண வீடியோ, கடை விளம்பரம் செய்கிறார், 1806 சிப்பாய்ப் புரட்சியை வைத்து ஒரு குறும்படம் எடுக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. புதிதாக வந்திருக்கும் ஒரு ஏஐ வீடியோ கருவி வருடச் சந்தாவைப் பாதி விலைக்குத் தருகிறது, டெமோவைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கிறது, வாங்கலாமா, எது நல்லது என்று கேட்டிருக்கிறார். எது நல்லது என்றால் ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாம், அந்தப் பதில் மூன்று மாதம்கூடத் தாங்காது. நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். அட்வான்ஸ் வாங்கிய வேலையை, சொன்ன தேதிக்குள், பார்ட்டி முகம் சுளிக்காமல் கொடுக்க இந்தக் கருவி உதவுமா, அதைப் பணம் கட்டும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது? இதற்குத்தான் பதில் எழுதுகிறேன். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் பல வருடங்களாக எடிட்டிங் செய்கிறேன், இந்த வகைக் கருவிகள் வரத் தொடங்கியதிலிருந்து வேலையோடு வேலையாகச் சோதித்தும் வருகிறேன்.

முதலில் வருடச் சந்தா வேண்டவே வேண்டாம். நடந்ததைப் பாருங்கள். ஓப்பன்ஏஐ நிறுவனம் சோரா என்ற தன் ஏஐ வீடியோ கருவியின் மாதிரிகளைக் காட்டியது 2024 பிப்ரவரியில். அது மக்கள் கைக்கு வந்து சேர்ந்தது அந்த டிசம்பரில். அதற்குள் ஜூன் மாதத்திலேயே சீனாவின் குவைஷோ க்ளிங்கை இறக்கிவிட்டது, லூமாவின் ட்ரீம் மெஷினும் அதே மாதம் வந்தது, ரன்வே தன் ஜென்-3 ஆல்ஃபாவை அறிவித்ததும் அதே மாதம்தான். டிசம்பரில் கூகுளின் வியோ 2, 2025 மே மாதம் சத்தத்தோடு வியோ 3, செப்டம்பர் கடைசியில் சோரா 2. இப்படிச் சில மாதங்களுக்கு ஒருமுறை முன்னால் இருப்பவர் மாறும்போது, பன்னிரண்டு மாதத்துக்கு ஒரே இடத்தில் பணத்தைப் போட்டு வைப்பதில் அர்த்தமே இல்லை. பாதி விலை என்பது பாதி வருடத்துக்கு மேல் பயன்பட்டால்தான் லாபம். மாதச் சந்தா விலை கூடுதலாகத் தெரிந்தாலும் அதையே எடுங்கள்.

அடுத்தது டெமோ. டெமோ பொய் கிடையாது, ஆனால் பொறுக்கி எடுத்தது. ஏன் பொறுக்க வேண்டியிருக்கிறது என்று புரிந்துகொண்டால் சோதனையை எப்படி வைப்பது என்பதும் புரியும். இப்போதைய கருவிகளில் பெரும்பாலானவை ஒவ்வொரு ஃப்ரேமாக வரிசையாக வரைந்துகொண்டு போவதில்லை. முழு க்ளிப்பையும் ஒருசேர வெறும் புள்ளி இரைச்சலாக ஆரம்பித்து, நீங்கள் எழுதியதற்குப் பொருந்தும்படி படிப்படியாக அந்த இரைச்சலைக் களைந்து உருவத்தை வெளியே கொண்டுவருகின்றன. டிஃப்யூஷன் என்பது இதைத்தான். க்ளிப் நீள நீள ஒருசேரக் கணக்கிட வேண்டியது மளமளவென்று ஏறுவதால்தான் பல கருவிகள் ஐந்து, பத்து விநாடியோடு நிறுத்திக்கொள்கின்றன, வியோ 3 வந்தபோது எட்டு விநாடிதான் தந்தது. ஆரம்ப இரைச்சலைத் தீர்மானிக்கும் எண்ணை சீட் என்பார்கள். அது மாறினால் அதே வாக்கியத்துக்கு வேறு முகம், வேறு வெளிச்சம், வேறு தெரு. ஆக, ஒரு நல்ல க்ளிப்பைப் பார்த்து நீங்கள் தெரிந்துகொள்வது அந்தக் கருவியால் ஒருமுறை அப்படிச் செய்ய முடிந்தது என்பதை மட்டும்தான். திரும்பத் திரும்பச் செய்யுமா, நீங்கள் கேட்டதைச் செய்யுமா என்பது அதில் தெரியாது.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: உங்களுக்குத் தலைகீழாகத் தெரிந்த ஒரு காட்சியை வைத்துச் சோதியுங்கள். பனிமலையில் ஓடும் புலி, நியான் வெளிச்சத்தில் டோக்கியோ தெரு இதெல்லாம் போட்டுப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும், ஏனென்றால் நாம் புலியையும் டோக்கியோவையும் கிட்டத்தில் பார்த்ததில்லை, தப்பு இருந்தாலும் கண்ணில் படாது. நீங்களே ஷூட் செய்த, நூறு முறை எடிட்டிங் டைம்லைனில் முன்னும் பின்னும் ஓட்டிய காட்சியைக் கேளுங்கள். ஒரிஜினல் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும், பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

கல்யாண வீடியோக்காரர் என்பதால் தாலி கட்டும் ஷாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, பின்னால் நிற்கும் நாத்தனார் மற்ற முடிச்சுகளைப் போடுவார். பெண்ணின் பின்னலைத் தூக்கிப் பிடிக்க இன்னொரு கை வரும், எல்லாம் ஒரு சாண் இடத்துக்குள், ஒரு கை இன்னொரு கையை மறைத்தபடி, நடுவில் மஞ்சள் கயிறு. இந்தக் கருவிகளுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை கொடுக்க முடியாது. மறைந்து மறுபடி வெளியே வரும் விரல் வேறு கையோடு ஒட்டிக்கொண்டு வரும், கயிறு கழுத்துக்குள் போய் மறுபக்கம் வரும். நான் பார்த்ததில் இன்னொன்றும் நடந்தது. தமிழ்க் கல்யாணம் என்று தெளிவாக எழுதியும் கழுத்தில் வந்தது கருகமணி, மாப்பிள்ளைக்கு ஷெர்வானி. இந்தியக் கல்யாணம் என்று இணையத்தில் குவிந்து கிடப்பது பெரும்பாலும் வடக்கத்திக் கல்யாணம்தான் என்பதால், கருவி கற்றதும் அதுவே என்று நினைக்கிறேன். மஞ்சள் கயிறு, பட்டு வேட்டி, பருத்தித் துண்டு, வாழைமரம் கட்டிய மண்டப வாசல் என்று கண்ணால் பார்ப்பதை ஒவ்வொன்றாக எழுதினால் ஓரளவு சரியாகிறது. பெயரைச் சொன்னால் அதற்குப் புரியாது, பார்ப்பதைச் சொன்னால் புரியும். எதை வேண்டாம் என்கிறீர்களோ அதை எழுதவே கூடாது, 'கருகமணி வேண்டாம்' என்று எழுதினால் பல கருவிகளில் கருகமணி வந்து நிற்கும்.

கடை விளம்பரத்துக்கு ஆம்பூர் பிரியாணியை எடுத்துக்கொள்வோம். தேக்சாவின் மூடியைத் திறக்கும்போது எழும் ஆவியை அற்புதமாகத் தரும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் உள்ளே இருக்கும் அரிசியைப் பாருங்கள், நீளநீளமாக பாஸ்மதி. ஆம்பூரில் போடுவது சீரக சம்பா, குட்டை அரிசி. கரண்டியால் அள்ளும்போது அரிசி ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து வழியும். பக்கத்தில் வைக்கச் சொன்ன கத்திரிக்காயும் கடையில் கண்ணாடி மாதிரி மினுக்கும் ஊதாக் காய்தான், நம்ம ஊர் முள்ளு கத்திரிக்காயின் காம்பில் இருக்கும் முள் அதில் இருக்காது. இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. அந்தக் கடையில் கிடைக்காத பிரியாணியைக் காட்டிச் சாப்பிட வரச் சொல்வது ஏமாற்று வேலை, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைக் குற்றமாகத்தான் பார்க்கிறது. சாப்பாடு, நகை, துணி, வீட்டு மனை இந்த நான்கிலும் விற்கும் பொருளை ஏஐ கொண்டு காட்டாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. பொருளைக் கேமராவில் எடுங்கள். பின்னணி, தலைப்பு, மேகம், தூரத்து மலை வேண்டுமானால் கருவியிடம் கேளுங்கள்.

சரி, உங்கள் குறும்படத்துக்கு வருவோம், அதுதான் எனக்கும் பிடித்த பகுதி. 1806 ஜூலை 10 அதிகாலை, வேலூர்க் கோட்டை என்று எழுதிப் பாருங்கள். எனக்கு வந்தது சிவப்புக் கல் மாளிகை, வெங்காயக் கும்மட்டம், பாலைவனப் புழுதி, அதாவது 1857 டெல்லி. வேலூர்க் கோட்டை சாம்பல் நிறக் கருங்கல், உயரம் குறைந்த அகல மதில், சுற்றிலும் பச்சைத் தண்ணீர் நிற்கும் அகழி. அதைவிட ஆழமான தப்பு ஆட்களிடம் இருந்தது. அந்தப் புரட்சிக்குக் காரணமே சிப்பாய்களின் தலைக்கும் முகத்துக்கும் மேல் போட்ட கட்டுப்பாடு: தோல் வைத்த புதுத் தலைப்பாகை, நெற்றியில் குறி வைக்கக் கூடாது, தாடி வைக்கக் கூடாது என்ற உத்தரவு. கருவி தந்த சிப்பாய்கள் எல்லோருக்கும் அடர்ந்த தாடி, பெரிய முண்டாசு. கதையின் ஆணிவேரையே தலைகீழாக்கிவிட்டு, பார்ப்பதற்கு மட்டும் சினிமா மாதிரி இருக்கிறது. புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி 19ஆவது லைட் டிராகூன்ஸ் குதிரைப்படையோடு வந்து சேர்வதைக் கேட்டால் குதிரைகளின் ஓட்டம் நன்றாக வருகிறது, குதிரைகள் கூட்டமாகக் குறுக்கே போகும்போது கால்களின் கணக்கு மட்டும் குழம்புகிறது. அகன்ற ஷாட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள், மிட் ஷாட்டில் கட்டாயம் தெரியும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. எழுத்தை மட்டும் நம்பாமல் நீங்களே எடுத்த கோட்டைப் படத்தை முதல் ஃப்ரேமாகக் கொடுங்கள். மதிலும் அகழியும் அப்படியே இருக்கும், வெளிச்சத்தை அதிகாலையாக மாற்றும், தண்ணீர் மேல் பனிமூட்டம் போடும். அப்போதும் ஒரு சோதனை பாக்கி. கேமரா நேராக முன்னே போகும் ஷாட்டில் படத்தில் இருப்பதே பெரிதாகிக்கொண்டு போவதால் தப்பு குறைவு. பக்கவாட்டில் நகர்த்தச் சொன்னால், படத்தில் இல்லாத பகுதியை அது தானாக வரைந்தாக வேண்டும். எனக்கு மதில் முடியும் இடத்தில் இல்லாத கும்மட்டம் ஒன்று முளைத்தது. ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் குதிரை வீரர்களையும் யாளியையும் செதுக்கியிருப்பார்களே, அதை க்ளோசப்பில் கொடுத்துக் கேமராவைச் சற்றே சுற்றச் சொன்னால் நான்காவது விநாடியில் யாளியின் பல்லும் குதிரையின் கடிவாளமும் கலந்து மெழுகு மாதிரி ஆகிவிடும். கல்லின் உண்மையான வடிவம் அதற்குத் தெரியாது, கோணம் மாறும்போது தெரிய வேண்டியதை ஊகித்துத்தான் வரைகிறது. முதல் ஃப்ரேம், கடைசி ஃப்ரேம் இரண்டையும் கொடுக்க விடும் கருவியாக இருந்தால் இந்தச் சிக்கல் பாதி தீரும், அந்த வசதி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஆள் பல ஷாட்டில் வருவதற்குக் கூத்தை வைத்துச் சோதிப்பேன். நம்ம பக்கத்துப் பாரதக் கூத்தில் துரியோதனன் வேடத்துக்குக் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கண்ணாடிச் சில்லு பதித்த மரக்கட்டை, ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட இடமும் அளவும் உண்டு. கலைஞரின் அனுமதியோடு எடுத்த ஒரு படத்தைக் கொடுத்து, அவர் ஒருமுறை சுற்றி ஆடட்டும் என்று கேளுங்கள். முதுகைக் காட்டித் திரும்பி முன்பக்கம் வரும்போது பதக்கத்தின் வடிவம் மாறியிருக்கும், முகச்சாயத்தில் கோடு ஒன்று கூடவோ குறையவோ இருக்கும். படம் கொடுக்காமல் எழுதி மட்டும் கேட்டால் கதகளியும் யக்ஷகானமும் கலந்த ஒன்று வருகிறது. அடுத்தடுத்த மூன்று ஷாட்டில் அதே ஆளைத் தக்கவைக்கிற கருவிக்குத்தான் கதை சொல்லும் வேலையைக் கொடுக்க முடியும். ஆளின் படத்தைத் தனியாகக் கொடுத்து அவரையே தொடர வைக்கும் வசதி சில கருவிகளில் இப்போது இருக்கிறது, அதையும் இதே கூத்துக்காரரை வைத்தே பாருங்கள்.

எழுத்தும் குரலும் பற்றிச் சுருக்கமாக. கடைப் பலகையில் தமிழ் எழுத்தை வரைய விடாதீர்கள். கொம்பும் காலும் இடம் மாறும். பலகையை வெறுமையாகக் கேட்டு எழுத்தை எடிட்டிங்கில் ஒட்டுங்கள். தமிழ் பேச வைக்கலாம், வாயசைவும் ஓரளவு பொருந்துகிறது. ஆனால் வருவது செய்தி வாசிப்பவர் தமிழ், குடியாத்தத்து ஆள் பேசுகிற மாதிரி இருக்காது. டப்பிங்குக்கு ஊர் ஆட்களையே கூப்பிடுங்கள், செலவும் பெரிதில்லை.

எடிட்டர்கள் கவனிக்காமல் விடும் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த க்ளிப்புகளில் பெரும்பாலானவை விநாடிக்கு 24 ஃப்ரேம். நம்ம பக்கம் கல்யாண வேலை பெரும்பாலும் 25இல் ஓடுகிறது. எட்டு விநாடி க்ளிப்பில் இருப்பது 192 ஃப்ரேம், அதை 25 டைம்லைனில் அப்படியே போட்டால் சாஃப்ட்வேர் விநாடிக்கு ஒரு ஃப்ரேமை இரட்டிக்கும், கேமரா மெதுவாக நகரும் ஷாட்டில் அந்தத் தட்டல் தெரியும். ஒவ்வொரு ஃப்ரேமையும் ஒருமுறையே ஓடவிட்டால் 7.68 விநாடியாகச் சுருங்கும், பேச்சில்லாத ஷாட்டுக்கு அதுவே நல்லது. அடுத்தது நிறம். உங்கள் கேமராவின் லாக் ஃபுட்டேஜை (பின்னால் நிறம் திருத்துவதற்காக வெளுப்பாகப் பதிவு செய்வதை) இழுக்கிற மாதிரி இதை இழுக்க முடியாது, இது ஏற்கெனவே கான்ட்ராஸ்ட் ஏற்றி, கம்ப்ரெஸ் செய்து வருவது, வானத்தை இழுத்தால் பட்டைப் பட்டையாகப் பிரியும். அதனால் ஏஐ க்ளிப்பைக் கேமரா ஃபுட்டேஜுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியிருந்தால், கேமரா ஃபுட்டேஜின் கிரேடை, அதாவது நிறத் திருத்தத்தை, அதற்குப் பொருத்துங்கள், இரண்டின் மேலும் ஒரே கிரெய்ன் (ஃபிலிம் மாதிரியான பொடிப்புள்ளி) போடுங்கள். மொபைலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மண்டபத்தில் எல்ஈடி சுவரில் ஓடப்போகும் வேலை என்றால் ஒருமுறையாவது பெரிய திரையில், நூறு சதவீத அளவில், பாதி வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.

செலவுக் கணக்கை மாதத்துக்கு இவ்வளவு என்று போடாமல், டைம்லைனில் உட்கார்ந்த விநாடிக்கு இவ்வளவு என்று போடுங்கள். உதாரணத்துக்கு மாதம் 2,000 ரூபாய் கட்டி, கிடைத்ததில் கழித்துக் கட்டியது போக 40 விநாடி மட்டும் வேலைக்கு ஆனது என்றால் விநாடி 50 ரூபாய். சரியில்லாமல் போனவற்றுக்கும் கிரெடிட் (க்ளிப் உருவாக்கச் சந்தாவில் தரும் அளவு) கழியும், பல திட்டங்களில் மிச்சக் கிரெடிட் அடுத்த மாதத்துக்கு வராது. அதோடு நீங்கள் உட்கார்ந்து மறுபடி மறுபடி எழுதிய நேரத்துக்கும் ஒரு விலை போடுங்கள், அதை யாரும் போடுவதில்லை. ஏலகிரி மேகத்தை ஒரு காலையில் போய் எடுத்து வர முடியும் என்றால் போய் எடுப்பதுதான் மலிவு, நல்லதும்கூட.

அப்படியானால் இதனால் என்னதான் பயன் என்று கேட்பீர்கள். நிறையவே இருக்கிறது. படம் எடுக்கும் முன் காட்சியை யோசிக்க இது போல ஒன்று எனக்கு முன்னால் கிடைத்ததில்லை. கேமரா எங்கே, வெளிச்சம் எந்தப் பக்கம், இந்த ஷாட்டுக்கு அடுத்து அந்த ஷாட் ஒட்டுமா என்பதை ஒரு மாலைப் பொழுதில் கேமராமேனுக்கும் பணம் போடுபவருக்கும் காட்டிவிடலாம். அங்கே தாடியும் கும்மட்டமும் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, அது யாருக்கும் விற்கப்போகிற படமில்லை. கனவுக் காட்சி, தலைப்புப் பின்னணி, அகன்ற ஷாட்டில் பெருங்கூட்டம், இவற்றிலும் துணிந்து பயன்படுத்தலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தக் கருவி கையில் இருப்பது தெரிந்ததும் உங்களிடம் இந்த வேலை கட்டாயம் வரும். இறந்துபோன அப்பா மேடையேறி மணமக்களை ஆசீர்வதிக்கிற மாதிரி செய்து தாருங்கள் என்பார்கள். தொழில்நுட்பமாக இது இப்போது எளிது. ஆனால் பழைய படத்தில் வாய் மூடியிருக்கும் மனிதரைச் சிரிக்க வைக்கும்போது பல்வரிசையை கருவிதான் வைக்கிறது, அது அவருடைய பல் இல்லை. மற்றவர்கள் கைதட்டுவார்கள், முப்பது வருடம் கூட வாழ்ந்த மனைவி அடுத்த கணமே கண்டுபிடித்துவிடுவார். கேட்டு வருவது பெரும்பாலும் பிள்ளைகள், அம்மாவுக்கு சர்ப்ரைஸ் என்பார்கள். நான் அம்மாவிடம் முன்னாடியே காட்டாமல் செய்வதில்லை, வாயை அசைக்காமல் கையை உயர்த்துவதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

சட்டத்தில் எது உறுதி, எது இன்னும் இழுபறி என்று பிரித்துச் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை, பெரிய காண்ட்ராக்ட் என்றால் ஒருவரைப் பாருங்கள். உறுதியானது: நிஜம் போலத் தெரியும் ஏஐ காட்சியை அறிவிக்க வேண்டும் என்று யூடியூப் 2024 மார்ச் முதல் கேட்கிறது. மத்திய அரசும் தகவல் தொழில்நுட்ப (ஐடி) விதிகளில் இதற்கான திருத்தத்தை 2025 அக்டோபரில் வரைவாக வெளியிட்டு, 2026 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கூகுளின் கருவிகள் சிந்த்ஐடி என்ற கண்ணுக்குத் தெரியாத அடையாளத்தை வீடியோவுக்குள்ளேயே பதிக்கின்றன, ஆகவே மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை, பார்ட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இழுபறியானது உரிமை. கணினி உருவாக்கிய படைப்புக்கு, அதை உருவாக வைத்தவரே ஆசிரியர் என்று நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது, ஆனால் அது எழுதப்பட்ட காலத்தில் இப்படி ஒரு கருவி கிடையாது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில், கருவிக்கு வெறும் பிராம்ப்ட் (இப்படி வேண்டும் என்று சொல்லும் வாக்கியம்) எழுதியதற்காக உரிமை கிடைக்காது என்று சொல்லிவிட்டது. ஒரு கடைக்கு லோகோ போல நிரந்தரமாக இருக்கப்போகும் வீடியோவை முழுக்க ஏஐயில் செய்து கொடுக்காமல் இருப்பது பாதுகாப்பு. இலவசத் திட்டத்தில் செய்ததை விற்கலாமா என்பது கருவிக்குக் கருவி மாறும், விதிமுறையைப் படித்துவிட்டு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பார்ட்டியின் முகம் உள்ள படத்தை ஏற்றும் முன் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் ஒரு வரி இருந்தாலும் போதும் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

குறும்படத்துக்கு நான் செய்யச் சொல்வது இது. ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள், கட்டிய அன்றே தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிடுங்கள். அதற்கு முன்பே காட்சிகளை எழுதி, கோட்டையைச் சுற்றி நடந்து மொபைலிலேயே படங்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சந்தா ஓடும் நாட்களை எழுதுவதில் வீணாக்க வேண்டாம். அந்த மாதத்துக்குள் முழுப் படத்தையும் ஏஐ க்ளிப்பிலேயே கரடுமுரடாக ஒட்டி ஓட்டிப் பாருங்கள். எந்த ஷாட் ஏஐயிலேயே நிற்கலாம், எதற்கு ஆளும் துணியும் தலைப்பாகையும் வேண்டும் என்று அதிலேயே தெரிந்துவிடும், என் ஊகம் அகன்ற ஷாட்டுகள் நிற்கும், முகம் தெரியும் ஷாட் ஒன்றும் நிற்காது. அந்த முகம் தெரியும் ஷாட்டுகளைக் கோட்டைக்குள் எடுக்க நினைத்தால் இந்தியத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும், அது கைக்கு வர நாளாகும், அந்த விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிடுங்கள்.